முந்நூறு தகப்பன்மாரைக் கொன்றவர்

கண்டி அரசாங்கக் கச்சேரி வாசலில் பெட்டிசம் என்னும் மனுக்களை எழுதிக்கொண்டிருந்த சாஹுல் ஹமீது தம் வாழ்நாளில் ஏறக்குறைய முந்நூறு தகப்பன்மாரைக் கொன்றிருக்கிறார். ஒரு கொலைக்கும் பொலிஸ் வரவில்லை. கொல்லப்பட்டவர்கள் மறுநாளும் சந்தைக்குப் போனார்கள், வெற்றிலை போட்டார்கள், மனைவியோடு சண்டை பிடித்தார்கள். வேலை கேட்டுப் பிள்ளைகள் அனுப்பிய கடிதங்களில் மட்டும்தான் அவர்கள் இறந்திருந்தார்கள்.

ஆளைப் பார்த்தால் கொலைகாரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒல்லி உடம்பு, சிவப்புத் துருக்கித் தொப்பி, விரலெல்லாம் மை. மடவளையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கி, கச்சேரி மதிலோரம் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து உட்காருவார். பெட்டிதான் மேசை. வந்தவர்களுக்கு ஒரு முக்காலி உண்டு. அதில் உட்கார்ந்தவரிடம் அவர் முதலில் கேட்பது பெயரை அல்ல, படிப்பையும் அல்ல.

"வாப்பா மவுத்தா, ஈக்காரா?"

தகப்பன் இறந்துவிட்டாரா, இருக்கிறாரா என்று அதற்குப் பொருள். இருக்கிறார் என்று சொன்னால் சாஹுல் ஹமீதின் முகம் வாடிவிடும். "ஈக்காரா? அது கரச்சலாச்சே" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மைக்கூட்டில் தோய்ப்பார்.

விளையாட்டுக்காக அவர் இதைச் செய்யவில்லை. பத்தொன்பது வயதில் அவரே ஓர் அரசாங்கக் கந்தோருக்கு வேலை கேட்டு எழுதினார். இங்கிலீஷ் தெரியும், கணக்குத் தெரியும், வேலை தாருங்கள் என்று நாலே வரி, நாலும் உண்மை. பதில் இல்லை. திரும்ப எழுதினார். அதற்கும் இல்லை. பிறகு, பின்னக் கணக்கு வாழ்நாளில் ஒரு முறையும் சரிவராத அடுத்த வீட்டு ஹபீலுக்காக அதே கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தார். ஹபீலின் தகப்பன் அந்த மாதம்தான் காலமாகியிருந்தார். ஹபீலைப் பற்றிச் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் அந்தச் சாவையே ஒரு பக்கத்துக்கு விரித்து எழுதினார். பதினைந்தாம் நாள் ஹபீல் கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டான்.

இன்னொருவராக இருந்தால் தம் தலையெழுத்தை நொந்துகொண்டு ஏதாவது நேர்த்திக்கடன் வைத்திருப்பார். சாஹுல் ஹமீது ஒரு கொப்பி வாங்கினார். நடுவில் கோடு கிழித்து, தகப்பன் உள்ள கடிதங்களை ஒரு பக்கமும் தகப்பன் இல்லாத கடிதங்களை மறுபக்கமும் பதிந்து, எதற்குப் பதில் வருகிறது என்று மூன்று வருடம் பார்த்தார். கொப்பி நிறைந்தபோது விஷயம் வெளிச்சமாகிவிட்டது. கண்டி நகரில் வேலைக்காக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் ஆயிரம் பேர். எண்ணிப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். வேலை என்பது படிப்புக்கும் உழைப்புக்கும் உரியது என்று துரைமார் நினைத்திருந்தால் அவரும் படிப்பையும் உழைப்பையும் எழுதியிருப்பார். அவர்கள் அதைப் பிச்சையாக நினைத்தார்கள். ஆகவே அவர் ஊரார் கையில் ஆளுக்கொரு திருவோட்டைச் செய்து கொடுத்தார்.

செய்தாலும் செம்மையாகச் செய்தார். ஒரு கந்தோருக்குப் போகும் இரண்டு கடிதங்களில் ஒரே சாவு வரக்கூடாது என்பது அவருடைய தொழில் நாணயம். ஒருவனின் தகப்பனை மகாவலி வெள்ளம் கொண்டுபோகும். இன்னொருவனின் தகப்பன் தெல்தெனியச் சேனைப் பயிர்க்காட்டில் பாம்பு தீண்டிச் சாவார். அவருடைய சொந்த வாப்பா எழுபது வயதில் மடவளையில் பாக்கு வெட்டிக்கொண்டு திடமாக இருந்தார். மூன்று தம்பிமாரின் வேலைக்காக மூன்று முறை செத்தவர். "இந்த முற என்ன நோய்?" என்று மட்டும் கேட்பார்.

1936ஆம் ஆண்டு புரட்டாசியில் அந்த முக்காலியில் ஞானேஸ்வரி வந்து உட்கார்ந்தாள்.

இருபத்திரண்டு வயது. தமிழ் ஆசிரியர் பரீட்சையில் முதலாம் பிரிவில் தேறி இரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடமும் கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஸ்டோரில் கொக்கோக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். புளித்த கொக்கோ நாற்றம் கையிலிருந்து போவதில்லை. அந்தக் கையால் சோக்கட்டியைப் பிடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. மூன்று பாடசாலைகளுக்கு எழுதிப் பார்த்தாள். மூன்றும் வாய் திறக்கவில்லை. இப்போது நகரத்துத் தமிழ் வியாபாரிகளின் சங்கம் ஒன்று தன் பெண் பாடசாலைக்குப் புதுக் கட்டடம் கட்டி, ஓர் ஆசிரியை தேவை என்று விளம்பரம் செய்திருந்தது. ஊரில் இருந்தது இந்த ஒரு வேலைதான்.

விண்ணப்பம் இங்கிலீஷில் இருக்க வேண்டுமாம். சொந்தக் கையெழுத்திலும் இருக்க வேண்டுமாம். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஒரு தமிழ்ப் பெண் தமிழ் வியாபாரிகளிடம் வேலை கேட்கிறாள்; அதை இங்கிலீஷில் கேட்டால்தான் சங்கத்துக்கு மதிப்பு. சங்கத்து மானேஜர் நடராஜா முதலாளிக்கு இங்கிலீஷில் தம் பெயரை எழுத மட்டும் வரும் என்பது வேறு கதை.

"இரிங்கோ தங்கச்சி. வாப்பா ஈக்காரா?"

"இருக்காங்க நானா" என்று முஸ்லிம் அண்ணன்மாரை ஊரார் அழைக்கும் முறையில் சொன்னாள். "தபால்காரர் தியாகராஜா. உங்களுக்குத் தெரியுமே."

"யாரு, நம்ம தியாகராஜா அண்ணனா? தங்கமான மனிசன்." பேனாவை எடுத்தார். "என்ன நோயில எடுப்பம்?"

"எதை எடுக்கிறது?"

"அவரத்தான்."

ஞானேஸ்வரி எழுந்து நின்றுவிட்டாள். "எங்கப்பாவைச் சாகடிச்சு எனக்கு ஒரு வேலையும் வேணாம். நான் முதலாம் பிரிவுல பாஸ் பண்ணியிருக்கேன். அதை எழுதுங்க."

"மாஷா அல்லாஹ். முந்தி எத்தின கடிதம் போட்டீங்க?"

"மூணு."

"மூணுலயும் முதலாம் பிரிவ எழுதினீங்க?"

"ஆமா."

"மறுமொழி?"

ஞானேஸ்வரி முக்காலியின் காலைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா. படிச்ச புள்ளண்டா ஒருத்தருக்கும் மனசு எளகாது தங்கச்சி. இவ கெட்டிக்காரி, எங்கயாவது பொழச்சிக்கொள்ளுவா எண்டு ஒதுக்கி வெச்சிருவாங்க."

"நானா, ஒரே பேச்சு. எங்கப்பா இருக்கணும்."

"சரி சரி, ஈக்கட்டும்" என்றார் சாஹுல் ஹமீது.

வாய்தான் அப்படிச் சொன்னது. கை கேட்கவில்லை. கசக்கிறது என்று மருந்தைத் துப்பும் பிள்ளைக்குச் சர்க்கரையில் மறைத்துக் கொடுக்கும் பரிசாரியின் கருணையோடு அவர் எழுதத் தொடங்கினார். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கள் தெரியும், அரிவரிப் புத்தகத்துச் சில்லறைச் சொற்களும் தெரியும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு, தகப்பன், சாவு என்ற சின்னச் சொற்களை ஒதுக்கினார். பெரிய பெரிய சொற்களாகப் பொறுக்கிப் போட்டு, நோய்க்கும் வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்து, ஒன்பது வரியில் தியாகராஜாவை மலேரியாவில் படுக்கவைத்து எடுத்துவிட்டார். மலேரியா இரண்டு வருடத்துக்கு முன் ஊரையே வாரிக்கொண்டு போயிருந்தது. அதில் ஓர் ஆள் கூடக் குறைய இருந்தால் யார் எண்ணப் போகிறார்கள்?

ஞானேஸ்வரி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், நல்ல தாளில், தன் கையால் பார்த்து எழுதினாள். பொருள் தெரியாத எழுத்தை எழுதுவது படம் வரைவது மாதிரிதான். ஒரு வளைவு பிசகினாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினாள். நாலாவது தாளில் தன் தகப்பனின் சாவை ஒரு பிழையும் இல்லாமல், முத்து முத்தாக எழுதி முடித்தாள்.

தாய் புஷ்பம் பஞ்சாங்கம் பார்த்து, உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் படத்தடியில் ஒரு நாள் வைத்தெடுத்தாள். தியாகராஜா முத்திரையைக் கோணாமல் ஒட்டினார். சங்கத்து மானேஜரின் துணிக்கடை அவர் தபால் கொடுக்கும் வீதியில்தான் இருந்தது. ஆகவே தபால் கந்தோர் மேசையிலிருந்து அந்த உறையை எடுத்து, பைக்குள் மற்றக் கடிதங்கள் கசக்காதபடி தனியாக வைத்து, தம் மரண அறிவித்தலைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். கருப்பு மை தடவ வேண்டிய செய்தி மஞ்சள் தடவிப் போனது கண்டியில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இரண்டு நாள் கழித்து முதலாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டிய ஒரு பதிவுத் தபால் வந்தது. தியாகராஜா கடைக்குள் போனபோது விண்ணப்பங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசித்தவர் கடைக் கிளாக்கர் மயில்வாகனம், யாழ்ப்பாணத்து ஆள். இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்லுவார்.

"எட்டாவது, முதலாளி. இதுவும் தேப்பன் இல்லாத பிள்ளை. கித்துள் மரத்தாலை விழுந்து போனாராம்."

"இன்னொண்ணா? என்னய்யா இது, ஊர்ல ஒரு அப்பனும் மிச்சமில்லையா?"

"ஓம், இந்த வருசம் கொஞ்சம் கூடத்தான்" என்றார் மயில்வாகனம், முகத்தில் ஒன்றையும் காட்டாமல். "இனி ஒண்டுதான் கிடக்கு."

முதலாளி மஞ்சளைப் பார்த்தார். "ஆ, இது லட்சணமா இருக்கு. படிங்க."

தியாகராஜா பைக்குள் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

"பேர் ஞானேஸ்வரி. தேப்பன் தியாகராஜா. அவர் மலேரியாவிலை காலமாகிப் போனாராம். மூண்டு நாள் அறிவில்லாமல் கிடந்தவராம். நாலாம் நாள் கண் முழிச்சு, 'கல்வி வளர்க்கிற சங்கங்கள் நீடு வாழ்க' எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடினவராம்."

தபால் பை தியாகராஜாவின் தோளிலிருந்து நழுவி விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடைசி மூச்சுலயும் சங்கத்தை நெனைச்சிருக்கான் பாருங்க, எப்பேர்ப்பட்ட மனுசன்!" முதலாளி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை உதறினார். "ஆனா வேணாம். விஜயதசமிக்குப் புதுக் கட்டடம் தெறக்கிறோம். முதல் எழுத்து எழுதி வைக்கிறவ அப்பனை முழுங்கினவளா இருந்தா அந்தப் பள்ளிக்கூடம் வெளங்குமா? ஒம்பதையும் கட்டி வைங்க. திருச்சிக்கு எழுதி, ராசியான பொண்ணா ஒண்ணை வரவழைப்போம்."

நுளம்பு கடித்துத் தகப்பன் சாகிறான். சாக்கடையை மூடாத நகரத்தைக் கேட்க ஆளில்லை. கொயினா மருந்து கொடுக்காத ஆஸ்பத்திரியைக் கேட்க ஆளில்லை. மகள்தான் அவனை விழுங்கினாளாம்! இதைச் சொல்லும் வாய்கள்தான் பெண் கல்விக்குக் கட்டடம் கட்டுகின்றன.

தியாகராஜாவுக்கு வாய் வரை வந்தது. 'நான்தான் அது' என்று சொன்னால் மகள் பொய்க்காரி. சொல்லாமல் விட்டால் மகள் ராசி கெட்டவள். நின்று யோசித்துப் பார்த்தார். இரண்டில் எது நல்லது என்று பிடிபடவில்லை. பதிவுத் தபாலை நீட்டினார். முதலாளி அவர் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

வீதியின் பாதிக் கடிதங்கள் பையில் இருக்க, தியாகராஜா நேரே கச்சேரி மதிலுக்கு நடந்தார்.

"சாஹுல் நானா, நான் செத்து எத்தனை நாளாச்சு?"

"வாங்கோ அண்ணன். தங்கச்சிக்கு வேல கெடச்சிட்டா?"

"வேலையா? அப்பனை முழுங்கினவளாம். ராசி கெட்டவளாம். வேணாம்னுட்டாங்க."

சாஹுல் ஹமீதுக்கு முதலில் விளங்கவே இல்லை. "தொரைமார் அப்பிடிச் செல்ல மாட்டாங்களே!"

"தொரை எங்க இருக்கான்? அது நம்ம நடராஜா முதலாளி!"

சாஹுல் ஹமீது தொப்பியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார். இருபது வருடமாக அவர் எழுதியதெல்லாம் வெள்ளைக்காரக் கந்தோர்களுக்கு. தகப்பன் செத்த பிள்ளைக்கு இரங்குவது அவர்கள் வழக்கம். தகப்பன் செத்த பிள்ளையைக் கண்டு சகுனம் பார்ப்பது நம்மவர் வழக்கம். கடிதம் இங்கிலீஷில் என்றதும், வாசிக்கிறவனும் இங்கிலீஷ்காரன் என்று கை பழகிய வழியே போய்விட்டது.

"ஒம்பது கடிதமும் அப்பிடித்தானாம்" என்றார் தியாகராஜா.

"அப்பிடித்தான் ஈக்கும்" என்றார் சாஹுல் ஹமீது சின்னக் குரலில். "மத்த எட்டும் நான்தான்."

சாயந்தரம் வீட்டில் விஷயம் வெளிவந்தது. புஷ்பம் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தேதியில செத்ததா எழுதியிருக்கான் அந்தப் பாவி?" என்பதுதான். தேதியைக் கேட்டுக்கொண்டு பழைய பஞ்சாங்கத்தைத் தேடிப் புரட்டி, அது சுபதினம் என்று கண்டபிறகு கொஞ்சம் ஆறினாள். தியாகராஜா வெளியில் துணிச்சலாகச் சிரித்தாலும், இரண்டு முறை தம் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

ஞானேஸ்வரி சாஹுல் ஹமீது எழுதிக்கொடுத்த தாளை எடுத்து அடுப்பில் போட்டாள். பிறகு, "நாளைக்கு ஸ்டோருக்குப் போகல" என்றாள். "முதலாளியைப் பாக்கப் போறேன். நீங்களும் வாங்கப்பா. அந்த நானாவும் வரணும்."

மறுநாள் காலை மூன்று பேரும் துணிக்கடைக்குள் நுழைந்தார்கள். ஞானேஸ்வரி முன்னால். தியாகராஜா காக்கி உடுப்பில் நடுவில். சாஹுல் ஹமீது, பாடசாலைக்கு இழுத்து வரப்பட்ட பிள்ளை மாதிரி, பின்னால்.

"நான்தான் ஞானேஸ்வரி. இவங்கதான் எங்கப்பா, தியாகராஜா."

முதலாளி பார்த்தார். "இது நம்ம தபால்காரன்."

"ஆமாங்க முதலாளி. பேரு தியாகராஜா."

பதினொரு வருடமாகத் தினமும் அந்தக் கடைப் படியேறியவருக்குப் பெயர் ஒன்று உண்டு என்பது முதலாளிக்கு அன்றுதான் தெரியவந்தது. "அப்ப கடுதாசியில செத்தது?"

"அந்த மவுத்து என்ட கையால நடந்தது முதலாளி" என்று சாஹுல் ஹமீது முன்னால் வந்தார். "இந்தப் புள்ள வேணாம் எண்டுதான் சென்னா. எழுதினது அவளுக்குத் தெரியா. மத்த எட்டும் என்ட வேலதான். எட்டு வாப்பாமாரும் சொகமா ஈக்காங்க. கித்துள் மரத்தால விழுந்தவர் நேத்தும் என்னோட பஸ்ஸுல வந்தார்."

மயில்வாகனத்துக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. லெட்ஜருக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"பொய்யா!" முதலாளிக்கு முகம் சிவந்தது. "சரஸ்வதி குடியிருக்கிற எடத்துக்குப் பொய்க் கடுதாசியா? இதுல டீச்சர் வேலை வேற கேக்குதா?"

"முதலாளி, நேத்து எங்கப்பா செத்துட்டாருன்னு என்னை வேணாம்னீங்க. இன்னைக்கு உயிரோட வந்துட்டாருன்னு வேணாங்கறீங்க. அவர் எப்படி இருந்தா உங்களுக்கு வசதி? சொல்லுங்க, பேசிப் பாக்கிறோம்."

"ஏய் புள்ள, சும்மா இரு" என்று தியாகராஜா மகளின் முந்தானையை இழுத்தார்.

மயில்வாகனம் லெட்ஜருக்குப் பின்னாலிருந்து எழுந்தார். முதலாளியின் மூளைக்குள் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பத்து வருடமாகப் படித்து வைத்திருந்தவர் அவர்.

"முதலாளி, ஒண்டு சொல்லட்டோ? ஒரு ஆள் செத்துப் போச்செண்டு பொய்க்கதை கிளம்பினால் அந்த ஆளுக்கு ஆயுள் கெட்டி எண்டு சொல்லுறவை. வாய்க்கதைக்கே அப்பிடியெண்டால், இது இங்கிலீசிலை எழுதி, மஞ்சள் தடவி, முத்திரை குத்தி வந்த சாவு."

முதலாளி தியாகராஜாவை மேலும் கீழும் பார்த்தார். கோயிலில் புதிதாகப் பிரதிஷ்டை செய்த விக்கிரகத்தைப் பார்ப்பது போலிருந்தது.

"அப்ப இவருக்கு..."

"நூறு தாண்டும். கண்டியிலை இப்ப இவரை மாதிரி ராசியான ஆள் கிடையாது."

"தியாகராஜா, நிக்கிறீங்களே! ஒரு கதிரை போடுங்கப்பா. விஜயதசமிக்கு நீங்கதான் தேங்காய் ஒடைக்கணும். பொண்ணு வேலைக்கு வரட்டும்."

தியாகராஜா கதிரை நுனியில் உட்கார்ந்தார். வேலை கிடைத்துவிட்டது. அத்தோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சாஹுல் ஹமீது எண்ணிப் பழகிய மனிதர். கணக்கு இடித்தால் அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"அப்ப முதலாளி, மத்த எட்டு வாப்பாமாருக்கும் ஆயுசு கெட்டிதானே?"

மயில்வாகனம் கண்ணை மூடிக்கொண்டார். தியாகராஜா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். முதலாளி விரல் விட்டுப் பார்த்தார். ஒன்பது செத்த தகப்பன்மார், ஒன்பது ராசியான குடும்பங்கள். முந்தின நாள் ஒரு ராசிக்காரிகூட இல்லை. இன்றைக்கு ஒன்பது பேர்.

"அப்ப யாரை எடுக்கிறது?" என்றார் திகைத்துப்போய்.

ஞானேஸ்வரி மடித்து வைத்திருந்த பரீட்சைப் பத்திரத்தை மேசையில் விரித்தாள். "ராசி ஒம்பது பேருக்கும் ஒண்ணாப் போச்சு. இனிமேல் பாக்கிறதுக்குப் படிப்பு ஒண்ணுதான் முதலாளி மிச்சம். ஒம்பது பேரையும் பத்திரத்தோட கூப்பிடுங்க. யாருக்கு மார்க் கூடவோ அவங்களுக்குக் குடுங்க."

"கெடச்சதை ஏன் புள்ள கெடுத்துக்கிறே?" தியாகராஜா பத்திரத்தை மறுபடி மடிக்கப் பார்த்தார்.

"எனக்குக் கூட இருந்தா எனக்குத்தானேப்பா வரும். இல்லேன்னா, வரவேண்டியவங்களுக்கு வரட்டும்." சொல்லிவிட்டுப் பத்திரத்தை மயில்வாகனத்தின் பக்கம் தள்ளினாள்.

மயில்வாகனம் பத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "முதலாம் பிரிவு, முதலாளி! இலக்கியத்திலையும் கணிதத்திலையும் விசேட சித்தி."

"முதலாம் பிரிவா? இவ்வளவு படிச்சதை ஏன்யா கடுதாசியில எழுதல?" என்று முதலாளி சாஹுல் ஹமீதைப் பார்த்துக் கத்தினார்.

"எழுத எடம் ஈக்கல்ல முதலாளி" என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு. "மவுத்தே ஒம்பது வரி."

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது பெண்களும் துணிக்கடைக்கு வந்தார்கள். கூடவே தகப்பன்மாரும் வந்தார்கள். தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டினால்தான் மகளைச் சேர்ப்பார்கள் என்று யாரோ கதை கட்டிவிட்டிருந்தார்கள். கடை வாசலில் கிடந்த நீள வாங்கில் மகாவலியில் போனவரும் மரத்திலிருந்து விழுந்தவரும் பாம்பு கடித்தவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். "உமக்கு என்ன சாவு?" என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். வெள்ளத்தில் போனவருக்கு மட்டும் கோபம். "நாப்பது வருசமா அந்த ஆத்துல நீந்துறேன், என்னைப் போய் முழுக வச்சிட்டானே" என்று புலம்பினார். சாஹுல் ஹமீது எல்லாருக்கும் தம் கையால் தேநீர் வாங்கிக் கொடுத்து, எல்லாரிடமும் திட்டு வாங்கிக்கொண்டார்.

உள்ளே மயில்வாகனம் ஒன்பது பத்திரங்களையும் வரிசையாக அடுக்கி வாசித்தார். இரண்டாம் பிரிவு மூன்று பேர். சாதாரணத் தேர்ச்சி ஐந்து பேர். முதலாம் பிரிவு ஒன்றுதான். ஞானேஸ்வரி ஒரு மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பெயரைக் கேட்டதும்தான் கையை எடுத்தாள். சுவரில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

இதற்குப் பிறகு சாஹுல் ஹமீது திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான். எழுதினால் அவர் பாணியில் எழுதியதாகிவிடும். கந்தோர்களுக்குப் போகும் கடிதங்களில் தகப்பன்மார் தொடர்ந்து செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கந்தோர்கள் மாறாதவரை அவர் ஏன் மாற வேண்டும்? ஆனால் முதல் வரியில் பரீட்சைப் பெறுபேற்றை எழுதத் தொடங்கினார். மிஞ்சிய இடத்தில்தான் சாவு. முந்தி மூன்று நாள் கிடந்து செத்தவர்கள் இப்போது ஒரே வரியில் போய்விட்டார்கள்.

விஜயதசமி அன்று புதுக் கட்டடத்து வாசலில் மாவிலைத் தோரணம், குத்துவிளக்கு, நாதஸ்வரம். நல்ல நேரம் பத்தே கால் மணி என்று பஞ்சாங்கத்தில் பார்த்திருந்தார்கள். முதலாளி பட்டுச் சால்வையோடு நின்றார். அவர் பக்கத்தில் தியாகராஜா, கஞ்சி போட்ட காக்கி உடுப்பும் கையில் தேங்காயுமாக, எப்போது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கேற்றடியில் துருக்கித் தொப்பி ஒன்று தெரிந்தது.

"டீச்சர் எங்க?" என்று முதலாளி சுற்றிப் பார்த்தார். "அவதானே வந்து விளக்கேத்தணும்?"

"அவ எட்டு மணிக்கே வகுப்பைத் தொடங்கிட்டா" என்றார் மயில்வாகனம்.

"எட்டு மணிக்கா? ராகு காலம் பாக்கலையா?"

"கேட்டனான் முதலாளி. பிள்ளையள் வந்திட்டுதுகள், அதுதான் நேரம் எண்டு சொல்லிப்போட்டா."

முதலாளி மேளக்காரரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். மேளம் நின்றது. உள்ளேயிருந்து நாற்பது குரல்கள் இரண்டாம் வாய்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது வாசல் வரை கேட்டது. தியாகராஜா நல்ல நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி, படியில் ஓங்கி அடித்தார்.